முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் சிறுமி

படத்தின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடியும் நாலு பேர் பண்ணைக்காட்டுக்குப் பஸ் ஏறி வந்து, எங்கள் வாசலில் நின்று, செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். இப்போது எங்கள் வீட்டில் யாரும் படத்துக்கு உட்காருகிற நிலைமையில் இல்லை.

நாற்பது வருஷத்துக்கு முந்தின பேய்ப்படம். அமாவாசை வெள்ளிக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு சேனலில் போடுவார்கள். கதை சின்னது. மலைத்தோட்டத்தில் ஒரு பங்களா. முதலாளி வீட்டுப் பெண்குழந்தை பொழுது சாயும் நேரத்தில் வேறு குரலில் பேச ஆரம்பிக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் யாருக்கும் தெரியாமல் செய்த காரியத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கோடாங்கியை வரவழைக்கிறார்கள். அவர் உடுக்கையடித்துப் பார்த்துவிட்டு, 'இதை இன்னைக்கு விரட்ட முடியாது. வெளிய வராம புள்ளைக்குள்ளயே கட்டி வைக்கிறேன். மூணாம் நாள் வந்து அவுத்து எடுத்துட்டுப் போறேன். அதுவரைக்கும் புள்ள மேல இரும்பு பட்டு ரத்தம் வரக் கூடாது. வந்தா புள்ளையக் கொண்டு போயிரும்' என்கிறார். கட்டுகிறார். குழந்தை அமைதியாகிவிடுகிறது. வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மூன்றாம் நாள் வருகிறது. கோடாங்கி வரவில்லை. பத்தாம் நாள், முப்பதாம் நாள். யாரும் அவரைத் தேடிப் போகவில்லை. எல்லோருக்கும்தான் நன்றாகத் தூக்கம் வருகிறதே. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்குகிறது. படம் முடிந்துவிடுகிறது.

அந்தக் கட்டுப்போடுகிற காட்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நெடுநேரம் வெட்டே இல்லாமல் ஓடும். காமிரா சிறுமியின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. இடுப்புவரை விரித்துவிட்ட ஈர முடி. எதிரே கோடாங்கி. சிறுமியின் முகம் ஒருதடவைகூடத் தெரியாது. உடுக்கை ஏற ஏற அந்த முதுகு நடுங்க ஆரம்பிக்கும், பிறகு சட்டென்று நின்றுவிடும். நடுங்குவதைவிட அது நிற்பதுதான் பயம்.

அந்த முதுகு என் அம்மாவுடையது.

படத்தில் பேய் பிடித்த குழந்தையாக வருவது பட்டணத்துக் குழந்தை நட்சத்திரம். முகம் தெரிகிற இடமெல்லாம் அந்தக் குழந்தை. இந்த ஒரு காட்சியில் மட்டும் அம்மா. அம்மா சொல்லக் கேட்ட கதை இது. படப்பிடிப்புக்கு நிஜமான கோடாங்கியைக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவியிருக்கிறது. அந்தக் குழந்தையின் தாயார் காதுக்கும் போயிருக்கிறது. "நடிப்புன்னாலும் மந்திரம் மந்திரம்தான். எம்பொண்ணை அந்த ஆள் முன்னாடி உக்கார வைக்க மாட்டேன்" என்று அழுது ரகளை செய்திருக்கிறார். முடி நீளமாக உள்ள பிள்ளை யாராவது இருக்கிறதா என்று தோட்டத்தில் தேடி வந்திருக்கிறார்கள். அம்மாவின் அப்பாவுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. அம்மா அவருக்குச் சோறு கொண்டுபோன வழியில் மாட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"பச்சத்தண்ணிய தலையில ஊத்தி உக்கார வச்சுட்டாங்கலே. மார்கழிக் குளுரு. அதான் நடுங்குனேன். அப்புறம் அந்தக் கோடாங்கி என் கண்ணையே பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னான். நடுக்கம் நின்னு போச்சு."

"என்ன வார்த்தைம்மா?"

"அதச் சொல்லப்படாது."

அதற்கு மறுநாளிலிருந்து மழை. மலைப்பாதையில் மண் சரிந்தது. கிடைத்த இடைவெளியில் படக்குழு சாமான்களை ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை வழியாக இறங்கிப் போய்விட்டது. கோடாங்கியும் அவர்களோடு போய்விட்டார். மூன்றாம் நாள் அவிழ்த்துவிடுகிறேன் என்றவர் வரவில்லை. அம்மா காய்ச்சலில் படுத்தாள். அவள் அப்பா மலை இறங்கி வத்தலக்குண்டு பக்கமெல்லாம் விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு கோடாங்கியே கிடையாது என்று எல்லா ஊரிலும் சொல்லியிருக்கிறார்கள்.

"பாத்தியா, எப்பேர்ப்பட்ட ஆளுன்னு? தேடிப் போனா ஆளே இல்ல" என்பாள் அம்மா. ஆள் இல்லாமல் போனதே அவளுக்கு அத்தாட்சி.

காய்ச்சல் இறங்கியது. அதற்குப் பிறகு அம்மா முடியின் நுனியைக்கூட வெட்டிக்கொண்டதில்லை, கத்திரிக்கோலும் இரும்புதானே என்று. ஊசி போட்டுக்கொண்டதில்லை. ஊசிக்காரம்மா வீட்டுக்கு வருகிற நாளில் அம்மா வெள்ளனே எழுந்து தோட்டத்துக்குள் போய்விடுவாள். என்னைப் பெற்றபோது நர்ஸ் திட்டிய திட்டை அவளே நடித்துக் காட்டிச் சிரிப்பாள். எனக்கு முன்னால் ஒரு அக்கா. நாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அப்பா மிளகு பறிக்கிற ஏணியிலிருந்து சரிந்தார், எழுந்திருக்கவில்லை. இரண்டுக்கும் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "என்னைய அவுக்காம விட்டுட்டாங்கல்ல." யார் மேலும் கோபமாகச் சொல்ல மாட்டாள். மிளகுக்கொடி ஏன் காய்க்கவில்லை என்று கேட்டால், மழை இல்லை என்று சொல்கிற மாதிரி சொல்வாள்.

சின்ன வயசில் எனக்கு இதெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. வேறு என்ன இருந்தது எங்களிடம் பெருமைப்பட? பெருமாள்மலையில் பஸ் மாறி நான் கொடைக்கானல் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை பாய். படம் ஓடுகிற நாளில் தூரத்திலிருந்தே கூப்பிடுவார்.

"ஏலே தம்பி, வெரசா வாலே. உங்கம்மா முதுகு வருது."

"முகத்தக் காட்டச் சொல்லுங்க பாய்."

"முகத்தக் காட்டுனா கூலி கூடக் கேப்பாங்கன்னுதான் திருப்பி உக்கார வச்சுட்டான்."

கடையில் நிற்கிற டிரைவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காட்சி தொடங்கினதும் யாரும் பேச மாட்டார்கள். டீயை ஆற்றுகிற சத்தம்கூட நின்றுவிடும். எத்தனை தடவை பார்த்தவர்கள், அடுத்தது என்ன என்று தெரிந்தவர்கள். ஆனாலும் நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் டி.வி. வந்த பிறகு அம்மாவும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். கட்டுகிற காட்சியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கடைசிக் காட்சிக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். மேகம் இறங்கி எழுத்து ஓடத் தொடங்கினதும் ஒரு பெருமூச்சு. ஒருநாள் கேட்டேன், முடிவு தெரிந்த படத்தை ஏன் முடிவுக்காகப் பார்க்கிறாய் என்று.

"எங்கயாச்சும் சேத்திருப்பாங்களோன்னுதான். பழைய படத்துக்கெல்லாம் இப்பப் புதுசா கலர் அடிக்காங்க, சத்தம் சேக்காங்கன்னு நீதானடா சொன்ன. அவுக்கிறதையும் சேத்துட்டா நல்லதுதானே."

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். முதலில் கல்லூரிக்குப் போனவனும் நான்தான். மதுரையில் தமிழ் இலக்கியம் படித்தேன். விடுதியில் நல்ல சினிமா பேசுகிற ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் இந்தப் படத்தைத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். பயமுறுத்துகிற படம் மறுநாள் மறந்துவிடும், இது ஏன் மறக்க மாட்டேன் என்கிறது என்று விடிய விடிய வாதம். முகத்தை மறைத்ததால் என்பான் ஒருவன். விடுவிக்காமல் விட்டதால் என்பான் இன்னொருவன். சடங்கு நிஜம், நடிப்பு இல்லை, அதனால்தான் என்று மூன்றாமவன். நான் "அது எங்கம்மா" என்றேன். அன்றிலிருந்து விடுதியில் என் மதிப்பே மாறிப்போனது. அதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்களும் தோளில் கை போட்டார்கள்.

படிப்பு முடிந்து கொடைக்கானலில் ஒரு பள்ளி நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். போன வருஷம் ஒரு சிறுபத்திரிகை திகில் சினிமாவுக்குச் சிறப்பிதழ் போட்டது. என்னை எழுதச் சொன்னார்கள். உயிரைக் கொடுத்து எழுதினேன். என் எழுத்து அச்சில் வருவது அதுதான் முதல் தடவை. பன்னிரண்டு பக்கம். அந்தக் காட்சி ஏன் சாகவில்லை என்பதற்கு நான் சொன்ன காரணத்தின் சாரம் இது: 'அங்கே நடப்பது நடிப்பு அல்ல. உண்மையான கோடாங்கி, உண்மையான கட்டு. அந்தக் கட்டு இன்றுவரை அவிழ்க்கப்படவில்லை. நாம் பார்ப்பது முடிந்துபோன படத்தை அல்ல, இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு சடங்கை.' அந்த வரி எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது. அது உண்மையா என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? இல்லை. அம்மா சொன்னாள், உலகம் சொன்னது, அழகாகவும் இருந்தது. எழுதிவிட்டேன்.

தை மாதம் புத்தகம் வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த வரியில் நிறுத்தி, "இன்னொருக்க வாசி" என்றாள். வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னாள். "புஸ்தகத்துலயே போட்டுட்டாங்க பாத்தியா. இத்தன நாளு என்னையப் பைத்தியக்காரிங்கிற மாதிரி பாத்தீங்களே" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். பத்திரிகையைப் பாலித்தீன் பையில் சுற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

கட்டுரையைப் படித்தவர்கள் வந்தார்கள். கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஜீப் பிடித்து இறங்கி வந்தார்கள். "அம்மா, ஒரே ஒரு தடவை திரும்பி உக்காருங்கம்மா, முடியை விரிச்சு விட்டு." நரைத்த முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மா உட்கார்ந்தாள். அவளுக்கு அது மரியாதையாக இருந்தது. நான் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னேன்.

பங்குனியில் ஒருநாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, "தம்பி, மாருல ஒரு கட்டி கெடக்கு" என்றாள்.

"எத்தனை நாளா?"

"கெடக்கு கொஞ்ச நாளா."

மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஊசி வைக்காமல் செய்கிற சோதனைகளுக்கு மட்டும் ஒத்துக்கொண்டாள். டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தசையெடுத்துப் பாக்கணும், பாத்து உடனே ஆபரேஷன் பண்ணணும். இப்ப பண்ணினா நல்லா வரும். தள்ளிப் போடாதீங்க." நல்ல மனுஷி. அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் ஏறினதும், "கத்தி வைக்கக் கூடாதுப்பா" என்றாள்.

நான் கோபப்பட்டேன், கெஞ்சினேன், ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா என்றேன். அவள் எழுந்து போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பாலித்தீன் பையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"அப்ப இதுல எழுதிருக்கிறது?"

நான் பையை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"படிச்ச புள்ள. பொய்யா எழுதுவ?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் எனக்காக நாற்பது கிலோ மூட்டையைச் சுமந்து, சீக்கிரமாகக் கிழண்டுபோய், என்னைப் படிக்க வைத்ததே நான் சொல்வது சரியாக இருக்கும் என்பதற்காகத்தான். ஒரு வரி சரியில்லை என்று சொன்னால் மற்றதெல்லாம் என்ன ஆவது?

வைகாசியில் ஒரு யோசனை வந்தது. கட்டினவர் இல்லாவிட்டால் என்ன, வேறொரு கோடாங்கியை வைத்து அவிழ்த்துவிடலாமே. மலைக்குக் கீழே ஒரு ஊரில் வயதான கோடாங்கி ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடை பாய்தான் விசாரித்துச் சொன்னார். "எங்க ஆளுங்களே பிள்ளைக்குப் பயந்த கோளாறுன்னா அவருகிட்டதான் போறாங்க. போயிட்டு வா தம்பி." போனேன். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். 'இரும்பு படக் கூடாது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"என்னன்னு சொன்னான்?"

"இரும்பு பட்டு ரத்தம் வரக் கூடாதுன்னு."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டார். "ஏப்பா, இரும்பக் கண்டாத்தானய்யா அது ஓடும்? பச்சப்புள்ளத் தொட்டிலுக்கு அடியில அருவாள வைக்கோம், கறிச்சோறு கொண்டு போறவ இரும்புத்துண்டு வச்சுக்கிட்டுப் போறா. எவன்யா அவன், இரும்பு வேண்டாம்னவன்? அவன் கோடாங்கியே இல்ல."

எனக்குத் தெரியாத விஷயமா இது? நான் கிடந்த தொட்டிலுக்கு அடியிலும் அம்மா அரிவாள் வைத்திருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். அதே வாயால் இரும்பு ஆகாது என்றும் சொன்னாள். ரெண்டையும் நான் கேட்டு வளர்ந்தேன். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ரெண்டும் ஒன்றோடொன்று மோதுகிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அரிவாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள வழக்கம். இரும்பு ஆகாது என்பது அவளுக்கென்று மட்டும் சொல்லப்பட்டது. ஒன்பது வயதில், அவள் கண்ணைப் பார்த்து.

கோடாங்கி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "கூட்டிட்டு வாப்பா. அவுத்து விட்டுருவோம். ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் திருநீறு. இல்லாத கட்டையும் அவுக்கலாம். அவுத்தா யாருக்கு என்ன கொறையப் போகுது?"

நான் சரியென்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே ஜீப் பிடித்து அம்மாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அப்போது ஒரு பெரிய வெளிச்சம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கட்டே இல்லை! பிறகு எதற்குப் பொய்யாக ஒரு சடங்கு? பெற்ற தாயை ஏமாற்றுவதா? ஏற்கெனவே ஒரு பொய்யை அச்சில் கொடுத்துவிட்டேன், இன்னொன்று வேண்டாம். உண்மையைத் தெரிந்துகொண்டால் அம்மா தானாகவே எழுந்து நடந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். அப்படித்தான் நம்பினேன். படித்தவன் அப்படித்தானே நம்புவான்.

"யோசிச்சு வாரேங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படத்தின் இயக்குநர் உயிரோடு இருந்தார். சென்னையில். பத்திரிகைக்காரர்கள் எண் வாங்கிக்கொடுக்கவே ஒன்றரை மாதம் ஆனது. ஆடி மாதம் நேரில் போனேன். எண்பதை நெருங்குகிறவர், மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். என் கட்டுரையைப் படித்திருந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கை நழுவியது.

"கோடாங்கியா? அவர் நாடகக் கம்பெனியில மத்தளம் வாசிச்சவர் தம்பி. கண்ணு நல்லா இருக்கும். அதுக்காகத்தான் எடுத்தேன். மந்திரமெல்லாம் நான் பெருமாள்மலை டீக்கடை பெஞ்சுல உக்காந்து எழுதினது. நிஜக் கோடாங்கின்னு கிளப்பிவிட்டது எங்க விளம்பர ஆள்."

"அந்த இரும்பு வசனம்?"

"அடுத்த சீன்ல ஆயா கத்திரிக்கோலோட வருவா இல்ல, அதுல ஜனங்க பயப்படணும். அதுக்கு முன்கூட்டியே ஒண்ணு சொல்லி வைக்கணுமே. அதுக்காகப் போட்டது. நான் பட்டணத்துக்காரன், எனக்கு இரும்பைப் பத்தி என்ன தெரியும்?"

அவிழ்க்கிற காட்சியும் எழுதி வைத்திருந்தாராம். அதுதான் கடைசிக் காட்சி. மழை வந்துவிட்டது. எடுத்தவரைக்கும் வைத்து ஒட்டினார்கள். "அதைத்தான் எல்லாரும் மேதைமைங்கிறாங்க. நானும் நாற்பது வருஷமா ஆமான்னு சொல்லிட்டிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அப்புறம் அவரே, "அம்மாகிட்ட நான் பேசறேன். போனைப் போடு" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவின் செல்போனில் அம்மாவைக் கூப்பிட்டேன். முகம் தெரிகிற மாதிரி. கிழவர் எல்லாவற்றையும் சொன்னார். மந்திரம் நான் எழுதினது, அவர் மத்தளக்காரர், உங்களை யாரும் எதுவும் கட்டலை, என்னை மன்னிச்சிருங்க அம்மா என்று கை கூப்பினார். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, "சரிங்கய்யா, சரிங்கய்யா" என்று கேட்டாள். கடைசியில், "நல்லாருங்க. உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. ஊருக்குப் போய் இறங்கினதும் மதுரைக்குக் கிளம்பலாம் என்று பையைக்கூட மனசுக்குள் அடுக்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா படுத்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. முந்தின நாளும் பற்ற வைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே பயமில்லல்லம்மா, நாளைக்குப் போலாமா?" என்றேன்.

"அப்ப எம்புள்ள எதுக்குச் செத்தா?" என்றாள்.

"யம்மா, அது மஞ்சக்காமாலை."

"உங்கப்பா?"

"ஏணி சறுக்குச்சும்மா."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணுமே இல்லையா?" சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நானு வெறும் புள்ளையாத்தான் உக்காந்திருந்தேனா?"

அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை. மறுத்தாலாவது சண்டை போடலாம். போலாமா என்றால், போலாம் என்பாள். எழுந்திருக்க மாட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் போய் வந்தால் அப்படியே கிடக்கும். யாராவது படம் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றால், "சோலியப் பாத்துட்டுப் போங்கப்பா, அது சும்மா படம்" என்பாள். கத்தி வைக்கக் கூடாது என்று சொன்ன அம்மா உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னாள். அந்தக் கட்டுக்குள் ஒரு ஆசை இருந்தது. என்றைக்காவது அவிழும், அவிழ்ந்த பிறகு எல்லாம் நல்லபடி நடக்கும் என்று. நான் கட்டை அறுக்கப் போய் அதையும் சேர்த்து அறுத்துவிட்டேன்.

ஆவணியில் மறுபடி மலை இறங்கி அந்தக் கோடாங்கியிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். காலில் விழாத குறை. "வந்து அவிழ்த்துவிடுங்க. என்ன கேட்டாலும் செய்யறேன்."

அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இப்ப எப்படிப்பா அவுக்க? கட்டு இல்லன்னு அவளுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. நான் வந்து உடுக்கையடிச்சா நடிக்கேன்னுதான நெனப்பா? அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல."

வாசல்வரை வந்து, "நீ கெட்டவன் இல்லப்பா" என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இந்தப் படம் ஏன் இன்னும் ஓடுகிறது என்று இப்போது கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். முதுகும் இல்லை, மேகமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது. நடக்கிற கேட்டுக்கெல்லாம் ஒரு காரணம் உண்டு, அதற்கு உருவம் உண்டு, குரல் உண்டு, அதை ஒரு இடத்தில் கட்டி வைக்க முடியும் என்கிற ஆறுதல். பயந்துகொண்டே அதைத்தான் வாங்கிப்போகிறார்கள். டீக்கடையில் நிற்கிற டிரைவர்களும் அதைத்தான், விடுதியில் கத்திய நாங்களும் அதைத்தான். காரணமே இல்லாமல் ஏணி சறுக்கும் என்பதை இரண்டு மணி நேரம் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

ஐப்பசியில் வலி தாங்காமல் அம்மா தானாகவே, "கூட்டிட்டுப் போடா" என்றாள். மழையில் ஜீப் மெதுவாகத்தான் இறங்கியது. அதே டாக்டரம்மா. புதுப் படங்களையும் பங்குனியில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னிடம், ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. எலும்புக்குப் போயிருக்கிறது, இனி ஆபரேஷன் உதவாது, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார். அம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். அம்மா தலையாட்டினாள்.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஊசியோடு ஒரு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண், பேச்சைக் கேட்டால் தேனிப் பக்கம். அம்மா கையை அவளே நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான்தான் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது நர்ஸ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பஞ்சில் ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஏதோ நடக்கப் போகிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான் பாட்டி. எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சா?" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.